உதவித்தொகையும் இரண்டு சத்தியமும்

நடந்ததை நான் சொல்கிறேன். நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் லூர்து பிச்சை என்ற மீனவருக்கு ரீகன் என்றொரு மகனும் ஜெசிந்தா என்றொரு மகளும் இருந்தார்கள். தாயில்லாப் பிள்ளைகள். ரீகன் கப்பல் இன்ஜினியரிங் படிக்க மாசானமுத்துவின் கல்விக் கடன் நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தான். படித்து முடித்தும் கப்பல் வேலை கிடைக்கவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போனான். தவணை நின்றுபோனது.

மாசானமுத்துவுக்கு ஊரில் இரண்டு பெயர். கடனை வசூலிக்கச் சுடலைக்கண்ணு என்ற முரடனை அனுப்புகிறவர் என்பது ஒன்று. லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊரின் அரசுப் பள்ளியில் முதலாவதாக வரும் பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு முழுவதையும் தருமமாகக் கொடுக்கிறவர் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை. அந்த உதவித்தொகைக்கு மதிப்பெண் ஒன்றே தகுதி என்று வருஷாவருஷம் அவரே மேடையில் சொல்வார்.

ஜெசிந்தா பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை அது. ஒரு நண்பகலில் சுடலைக்கண்ணு ஆட்களுடன் மீன் ஏலக்கூடத்துக்குள் நுழைந்தான். ரீகனின் தலைமுடியைப் பற்றி ஈரத்தரையில் இழுத்துப் போட்டான்.

"முதலாளி காசுல படிச்சிட்டு மீன் வித்துத் திங்கியாலே?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான்.

காலைப் பிடித்துக் கெஞ்சிய லூர்து பிச்சையின் வாயில் ஓர் உதை விழுந்தது. பல் தெறித்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டார். அதற்குமேல் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அப்பா விழுந்ததைக் கண்டு ரீகன் எழுந்து சுடலைக்கண்ணுவின் கழுத்தைப் பிடித்தான். சுடலைக்கண்ணு ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்தான். சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்ற ஜெசிந்தா, அந்தக் கம்பி அண்ணன் மண்டையில் இறங்குவதைப் பார்த்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ரீகனுக்குச் சற்றுநேரம் நினைவு திரும்பியது.

"நீ பாத்தல்லா? சொல்லிரு" என்றான்.

"கண்டிப்பா சொல்லுதேண்ணே. உம்மேல சத்தியம்."

அந்தச் 'சொல்லிரு'தான் அவன் கடைசிப் பேச்சு. சாட்சி சொல்ல முன்வந்த ஏலக்காரரின் காதைப் பட்டப்பகலில் அறுத்து எறிந்தார்கள். அதன்பின் ஏலக்கூடத்தில் எவரும் எதையும் பார்த்திருக்கவில்லை. போலீசில் சொன்னதை மாற்றாமல் நின்றவள் ஜெசிந்தா மட்டும்தான்.

தேர்வு முடிவு வந்தது. பள்ளியில் அவள்தான் முதல். மாசானமுத்து தாமே அவர்கள் வீட்டுக்கு வந்தார்.

"அடிச்சு மிரட்டத்தான் அனுப்புனேன், பிச்சை. கொல்லச் சொல்லல. பாப்பாவுக்குச் சேர வேண்டியது பாப்பாவுக்கு. படிக்கட்டும்" என்றார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் லூர்து பிச்சை மகளை உட்காரவைத்தார்.

"ஒருத்தனக் குழியில வச்சாச்சு. நீயும் போனா நான் யாருக்குளா உசுரோட இருக்கணும்? கோர்ட்டுல ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரு. என் தலைல கை வை."

அவள் அப்பாவின் தலையில் கை வைத்தாள். "சரிப்பா" என்றாள்.

பாளையங்கோட்டையில் நர்சிங் சேர்ந்தாள். உதவித்தொகை தவறாமல் வந்தது. இரண்டாம் வருஷம் வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட் வாசலில் ஒருவன் அவளை உரசிக்கொண்டு போனான். போன பிறகுதான் எரிந்தது. காதிலிருந்து தாடைவரை பிளேடு கிழித்திருந்தது. துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறினாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி நீதிபதி சொன்னார்.

"சொல்லிட்டுப் போறேன், ஐயா" என்றாள்.

சுடலைக்கண்ணுவைக் கைநீட்டிக் காட்டினாள். அவனை அனுப்பியது யார் என்று அரசு வக்கீல் கேட்டதற்கு, மாசானமுத்து வீட்டுக்கு வந்து சொன்னதையும் அப்படியே சொன்னாள்.

சுடலைக்கண்ணுவுக்கு ஆயுள் தண்டனை. அவள் சாட்சியால் வழக்கில் சேர்க்கப்பட்ட மாசானமுத்துவுக்குச் சில வருஷச் சிறை. "என் உப்பத் தின்னுட்டு என்னையே காட்டிக் குடுத்தவ" என்று சொல்லி, சிறைக்குப் போகுமுன் அவளுடைய உதவித்தொகையை நிறுத்தினார். தம் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறியவள் என்று லூர்து பிச்சை மகளோடு பேசுவதை நிறுத்தினார்.

மகளின் உயிரைக் காக்கச் சத்தியம் வாங்கினார் தகப்பன். கொடுத்த கையையே வெட்டினாள் என்று தருமத்தை நிறுத்தினார் முதலாளி. இரண்டு சத்தியம் செய்து ஒன்றைக் காத்தாள் மகள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாசானமுத்து கொடுத்தது மதிப்பெண்ணுக்கு என்றால், சாட்சி சொன்னதால் அந்த மதிப்பெண் குறைந்துவிடவில்லை. அவள் வாயை மூடுவதற்குக் கொடுத்தார் என்றால், அது தருமமே இல்லை, கூலி. அந்தக் கூலிக்கு அவள் அவரிடம் ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆகவே அவர் உப்பைப் பற்றிப் பேச முடியாது. தகப்பனின் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவர் மகளை விட்டுவிடச் சொன்ன சாட்சி இறந்த மகனுக்குரியது. அதை விட்டுக்கொடுக்கவோ விட்டுக்கொடுக்கச் சொல்லவோ உயிரோடிருந்த இருவருக்கும் உரிமையில்லை. செய்தது சரி என்றால் ஜெசிந்தா செய்ததுதான் சரி. ஆனால் அப்பாவின் தலையில் கை வைத்தபோதே தன்னால் அதைக் காக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிழை அவளுடையது. அதை அவள் மறுத்ததும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பை முடித்தாள். ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து சமைத்து வைக்கிறாள். லூர்து பிச்சை உட்கார்ந்து சாப்பிடுகிறார். பேசுவதில்லை.