மழை நாளில் விழுந்த நிழல்

“தப்பா எழுதின பிள்ளைக்குத் தப்புன்னு போட்டேன். இதுல என் மேல என்ன குத்தம், டீச்சர்?”

கேட்டவர் ஆரோக்கியசாமி. மலைக்குக் கீழே ஊரில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக அறிவியல் பாடம் எடுக்கிறவர்.

எதிரே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் தெய்வானை. வயது முப்பத்து மூன்று. மலைச்சரிவில் ஒரு மொட்டைப் பாறை, அதன் மேல் ஓர் ஓட்டுக் கொட்டகை. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். வானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வாத்தியார்கள் லீவு போட்டுவிட்டு அங்கே வருவார்கள்.

விளக்கம் கேட்டால் சொல்ல மாட்டார், வெயிலில் நிறுத்திவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது தெரிந்துதான் ஆரோக்கியசாமி வந்திருந்தார். குடையோடு.

“அந்தப் பிள்ளை என்ன எழுதுச்சு, சார்?”

“எல்லாம் அந்த நிழலில்லா நாளால வந்த வினை.”

வருஷத்தில் இரண்டு நாள் நம் பக்கத்து ஊர்களில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அன்றைக்கு உச்சிப்பொழுதில், நேராக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஆரோக்கியசாமியின் ஊருக்கு ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை.

போன ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சி நட்டார்கள். பத்தாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். தலைமை ஆசிரியர் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிப் போட்டிருந்தார். ‘நேரம்: 12 மணி. நிழலின் நீளம்: 0.’

முப்பத்தொன்பது பேர் அதைப் பார்த்து எழுதிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிட்டார்கள்.

மேகலா மட்டும் ஓடவில்லை.

“அவ என்ன எழுதியிருந்தா தெரியுமா? ‘12 மணிக்கு மேற்கே எட்டரை சென்டிமீட்டர் நிழல். 12.20க்கு நிழல் இல்லை.’ எப்படி இருக்கு?”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“முட்டை போட்டேன். வகுப்புல வாசிச்சுக் காட்டினேன். ‘ஒரு குச்சியை நேரா நடத் தெரியல, இவதான் நாளைக்கு விஞ்ஞானி ஆகப் போறா’ன்னேன். பிள்ளைங்க சிரிச்சாங்க.”

“நீங்க?”

“நானும்தான் சிரிச்சேன்.”

முறத்தில் உளுந்து எழும்பி விழுந்தது.

“இப்போ அவ சயின்ஸ் குரூப் வேண்டாங்கிறா, டீச்சர். பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு அவங்கப்பா வந்தார். அரை ஏக்கர்ல மல்லி போட்டிருக்கிற மனுஷன். ‘சார், பிள்ளை சின்ன வயசுல இருந்து வானத்தைப் பத்தியேதான் பேசும். இப்ப பூப்பறிக்கவே வந்துடறேங்குது. நீங்க சொன்னா கேட்கும்’னு கையைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“அவகிட்டப் பேசினீங்களா?”

“என்னன்னு பேச? அவ எங்கே தப்புப் பண்ணினான்னு எனக்குச் சொல்லுங்க. போய்ப் பக்குவமா விளக்கி, சமாதானம் பண்ணிடறேன். அதுக்குத்தான் வந்தேன்.”

தெய்வானை முறத்தைக் கீழே வைத்தார். மூலையில் சாத்தியிருந்த ஒரு மீட்டர் குச்சியை எடுத்து வந்தார். அதோடு ஒரு நூல், நூலில் கட்டிய ஒரு கல்.

“நாளைக்குப் பன்னிரண்டாம் தேதி. பதினேழாம் தேதி இந்தப் பாறைக்கு நிழலில்லா நாள். ஆறு நாளும் உச்சிப்பொழுது நிழலைப் பார்த்து எழுதுங்க, சார்.”

“இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, டீச்சர்.”

“அப்போ சுலபம்.”

அவர் மறுபடியும் உளுந்து புடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஆரோக்கியசாமி குச்சியை நட்டார். கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று பார்த்தார். முடியளவும் பிசகவில்லை. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் ஏப்ரல் வெயில். அதுவும் பாறை. செருப்புப் போட்ட காலே பொரிகிறது. குடை பிடிக்கலாமென்றால் குடையின் நிழல் குச்சி மேல் விழுகிறது.

அவர் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார். பாறையின் அட்சரேகை தெரியும். சூரியன் தினமும் எவ்வளவு வடக்கே நகரும் என்பதும் தெரியும். காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார், நோட்டில் ஓர் எண்ணை எழுதினார், மோர் குடித்தார். அடுத்தடுத்த நாளும் அப்படியே.

இதை ஏமாற்று வேலை என்று அவர் நினைக்கவே இல்லை, பாவம். கல்லூரியில் அப்படித்தான் ரெக்கார்டு நோட்டு எழுதினார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். முதலில் விடை, அப்புறம் அதற்குத் தோதாக அளவு. நம்மில் யார்தான் அப்படி எழுதவில்லை?

பதினாறாம் தேதி சாயங்காலம் தெய்வானை கையை நீட்டினார். ஆரோக்கியசாமி பெருமையாக நோட்டைக் கொடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. தலைப்புக்குச் சிவப்பு மை, அளவுகளுக்கு நீல மை.

ஏப்ரல் 12: 3.1 செ.மீ.

ஏப்ரல் 13: 2.5 செ.மீ.

ஏப்ரல் 14: 1.9 செ.மீ.

ஏப்ரல் 15: 1.2 செ.மீ.

ஏப்ரல் 16: 0.6 செ.மீ.

ஏப்ரல் 17: 0.

தெய்வானை கடைசி வரியில் விரலை வைத்தார்.

“பதினேழு நாளைக்குத்தானே, சார்?”

“ஆமா. எப்படியும் பூஜ்யம்தானே வரப்போகுது.”

விரல் மூன்று வரி மேலே ஏறியது.

“பதினாலாம் தேதி என்ன நாள்?”

“சித்திரை ஒண்ணு. வருஷப் பிறப்பு. நீங்ககூட வடை சுட்டீங்களே.”

“அன்னிக்கு மழை, சார். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் மழை. மலையிலயும் மழை, கீழே உங்க ஊர்லயும் மழை. வடைக்கு எண்ணெய் வைக்க அடுப்பை உள்ளே தூக்கிட்டு வந்ததே நீங்கதான்.”

ஆரோக்கியசாமி நோட்டை எட்டிப் பார்த்தார்.

“மழையில ஒண்ணு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர் நிழல் விழுந்திருக்கு” என்றார் தெய்வானை. “நல்ல நிழல்.”

“கணக்குப் போட்டா அதுதான் டீச்சர் வரும்! சந்தேகம்னா நீங்களே போட்டுப் பாருங்க!”

“போட்டேன். கணக்கு சரிதான்.”

“அப்புறம் என்ன?”

தெய்வானை நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனார்.

ஆரோக்கியசாமிக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. என் பெண் வயசு இருக்குமா இந்தப் பொம்பளைக்கு, என்னைப் பார்த்து நல்ல நிழல் என்கிறாள் என்று பொருமினார். பையை எடுத்தார். வேட்டியை மடித்து உள்ளே திணித்தார். பையின் அடியில் மேகலாவின் நோட்டு கிடந்தது. எட்டு மாசமாக அதைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார். எதற்கு வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. பையைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

பதினேழாம் தேதி பதினொன்றரை மணிக்கே பாறையில் போய் நின்றார். குடை இல்லை. தலையில் ஈரத்துண்டு.

பன்னிரண்டு மணி.

குச்சியின் அடியிலிருந்து மேற்கே நிழல் நீண்டு கிடந்தது. விரல் வைத்து அளந்தார். நாலு விரல் அகலம்.

குச்சி சாய்ந்துவிட்டது என்று நினைத்தார். நூலைப் பிடித்தார். குச்சி நேராகத்தான் நின்றது. கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டின.

“டீச்சர்! தேதி தப்பா?”

“தேதி சரி, சார். பாருங்க.”

பன்னிரண்டு ஐந்து. மூன்று விரல்.

பன்னிரண்டு பத்து. இரண்டுக்கும் குறைவு.

ஆரோக்கியசாமி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாறை சுட்டது. அது அவருக்கு உறைக்கவில்லை. நிழல் கொஞ்சங்கொஞ்சமாகக் குச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் பூமி சுற்றுகிறது, சுற்றுகிறது என்று கத்திப் பாடம் நடத்தியவர், அது சுற்றுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

பன்னிரண்டு பதினெட்டு.

நிழல் இல்லை. குச்சி மட்டும் நின்றது.

“அடேயப்பா!” என்றார். ஐம்பத்தாறு வயசு மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். உடனே ஏதோ ஞாபகம் வந்து அவர் முகம் வாடிப்போனது.

“பன்னிரண்டுக்கே நிழல் ஏன் டீச்சர் போகலை?”

“உங்க வாட்ச் எந்த ஊர் வாட்ச், சார்?”

“இதென்ன கேள்வி? இந்த ஊர்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

“நாடு பூராவுக்கும் ஒரே மணி” என்றார் தெய்வானை. “அந்த மணியை வச்ச இடம் நமக்குக் கிழக்கே தள்ளி இருக்கு. சூரியன் அங்கே உச்சிக்கு வந்துட்டு, அப்புறம் இங்கே வர்றதுக்கு…”

“சூரியன் வராது, டீச்சர். பூமிதான் சுத்தும்.”

“சரி, பூமிதான் சுத்தட்டும். அதுக்கு நேரம் ஆகும்ல?”

ஆரோக்கியசாமியின் உதடு தானாக முணுமுணுத்தது. அந்த மணி எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக்கு. நாம் இருப்பது எழுபத்தெட்டில். வித்தியாசம் நாலரை. டிகிரிக்கு நாலு நிமிஷம்.

“பதினெட்டு” என்றார். “இது ரெண்டு மார்க் கேள்வி, டீச்சர். வருஷா வருஷம் நான் மனப்பாடம் பண்ண வைக்கிற கேள்வி.”



ஆரோக்கியசாமி எழுந்து கொட்டகைக்குள் போய் மேகலாவின் நோட்டோடு திரும்பி வந்தார். பக்கத்தைப் புரட்டினார். சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். அதற்கு மேலே நீல மையில் அவளுடைய இரண்டு வரிகள்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, முப்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா, அவருடைய விரல் ஓர் இடத்தில் போய் நின்றது.

“ஆனா அவ 12.20ன்னு போட்டிருக்கா. நாம பார்த்தது பதினெட்டு. ரெண்டு நிமிஷம் பிசகு இருக்கு, டீச்சர்.”

“நாம பார்த்தது ஏப்ரல்ல. ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி நீங்க பார்த்தீங்களா, சார்?”

ஆரோக்கியசாமி யோசித்தார். அன்றைக்குப் பன்னிரண்டு இருபதுக்கு அவர் அலுவலக அறையில் மின்விசிறிக்கு அடியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பார்க்கலை.”

“அவ பார்த்திருக்கா.”

காற்று இல்லை. குச்சிக்குக் கிழக்கே மெல்லிசாக நிழல் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

“பூமி சூரியனைச் சுத்துற பாதை சரியான வட்டம் கிடையாது, சார். பூமி சாய்ஞ்சு வேற சுத்துது. அதனால சில மாசம் உச்சி முந்தும், சில மாசம் பிந்தும். ஆகஸ்ட் கடைசியில ரெண்டு நிமிஷம் பிந்தும். பத்தாம் வகுப்புப் புஸ்தகத்துல இது இல்லை.”

ஆரோக்கியசாமி தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“நான் போய் என்ன சொல்லட்டும், டீச்சர்?”

தெய்வானை குச்சியைப் பிடுங்கி, நூலையும் கல்லையும் அதிலேயே சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

“ஒன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு, சார்.”

மேகலாவின் வீட்டு வாசலில் ஆரோக்கியசாமி போய் நின்றபோது மணி நாலு. அவளும் அப்பாவும் கூடையில் கிடந்த மல்லி மொட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பதறிப்போய் எழுந்தார். “வாங்க சார், வாங்க, உட்காருங்க.”

மேகலாவும் எழுந்தாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஆரோக்கியசாமி நிறையத் தயார் பண்ணியிருந்தார். எண்பத்திரண்டரை டிகிரியில் ஆரம்பித்து, மன்னிப்பு வரைக்கும் வரிசையாக. வாசலில் நின்றதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். அவளுடையதை அல்ல, தன்னுடையதை.

“இதைக் கொஞ்சம் திருத்திக் கொடும்மா.”

அவளுக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கும் புரியவில்லை.

“குச்சி நிழல். நான் எழுதினது. பாரு.”

மேகலா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் அவள் கண் நின்றது. எட்டு மாசத்தில் முதல் தடவையாகத் தலைமை ஆசிரியரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சார்… பதினாலாம் தேதி மழையாச்சே? எங்க பூவெல்லாம் நனைஞ்சு வீணாப்போச்சே. நிழல் எப்படி விழுந்துச்சு?”

ஆரோக்கியசாமி சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.