இலை நிறையப் பச்சை

காட்டின் ஆரோக்கியத்தைக் கண்காணிக்க மலையடிவார ஊருக்கு ஜீப்பில் வந்த அதிகாரி, காட்டுக்குள் காலே வைக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தை மட்டும் விரித்தார்.

"பாருங்க, காடு பூரா பச்சை! யானை ஊருக்குள்ள வருதுன்னா உங்க வாழைதான் காரணம். நாளைக்கே ஆளுங்க வந்து வெட்டிடுவாங்க."

வாழையை நம்பிப் பிழைக்கும் கெம்பி முன்னால் வந்தாள். "காட்டுல யானைக்குத் தீனி இல்லீங்க, ஐயா."

"இத்தனை பச்சைக்கு நடுவுல பசியா? நிரூபி, உன் வாழையை விட்டுடறேன்."

"முதல்ல சாப்பிடுங்க" என்று கெம்பி இலை போட்டாள். சோறில்லை, குழம்பில்லை. காட்டோரம் ஒடித்த உண்ணிச்செடித் தழையை அள்ளிக் குவித்தாள்.

அதிகாரி மூக்கைப் பொத்தினார். "சீ, நாறுது! இதை ஆடுகூடத் தின்னாதே!"

"ஏனுங்க, பச்சையாத்தானே இருக்கு? யானையும் இதைத் தின்னாதுங்க. புல்லு, மூங்கில் எல்லாத்தையும் அமுக்கிட்டு இதுதான் காடு பூரா மண்டிக் கிடக்கு."

ஜீப் டிரைவர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"அப்போ என் படம் பொய்யா?" என்று அதிகாரி சீறினார்.

"வெறும் பொய்யா? பச்சைப் பொய்யுங்க!"

மறுநாள் ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். வாழைக்கு அல்ல, உண்ணிச்செடிக்கு.