நார்ட்டன் சேஸும் ட்ரையம்ப் என்ஜினும்

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நீராவி என்ஜின்கள் பழுதுபார்க்கப்பட்ட நாட்களில், அங்கே ஃபிட்டராக இருந்த இன்னாசியின் வீட்டுக் கொட்டகையில் ஒரு நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் சேஸ், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு காலத்தில் ஏற்காட்டில் எஸ்டேட் துரையைச் சுமந்தது அது. துரை கப்பலேறிய பிறகு யாரோ என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட, வெறும் வயிற்றோடு இன்னாசியிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஒருநாள் காலை இன்னாசி கோணிப்பையில் சுற்றிய ஒரு ட்ரையம்ப் என்ஜினைக் கொண்டுவந்து அதன் முன்னால் இறக்கினார்.

“நீ எங்க வம்சம் இல்லையே,” என்றது சேஸ்.

“எனக்கும் உன்னைத் தெரியாது,” என்றது என்ஜின். “நான் இருந்த வண்டி லாரியில மோதி நசுங்கிப்போச்சு. மிச்சம் நான் மட்டும்தான்.”

“உன் போல்ட் ஓட்டை ஒண்ணுகூட எனக்குப் பொருந்தாது.”

“பொருந்தாதுதான். அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்றே?”

இன்னாசி இரண்டு இரும்புத் தகடுகளை அறுத்தார். அரத்தால் ராவினார், அளவு பார்த்தார், மறுபடி ராவினார். மூன்று மாதம் கழித்துத் தகடுகளை நடுவில் கொடுத்து இரண்டையும் பிணைத்து, கிக்கரை உதைத்தார். என்ஜின் அதிர்ந்த அதிர்வில் சேஸுக்கு எலும்பெல்லாம் வலித்தது.

“கொஞ்சம் மெதுவாத்தான் மூச்சு விடேன்.”

“நீ கொஞ்சம் வளைஞ்சு கொடேன்.”

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே சண்டைதான்.

சண்டையை நிறுத்தியவள் கமலம். பாலக்கரை அரிசி மண்டிக்காரர் மகள். இன்னாசி மாதா கோயிலுக்குப் போகிறவர். அவள் வீட்டில் வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பார்கள். ஒரு மத்தியானம் அவள் கையில் ஒரு பையோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“போங்க,” என்றாள். “திரும்பிப் பார்க்காதீங்க.”

விராலிமலை தாண்டும்போது அவளுடைய அண்ணன்மாரின் கார் பின்னால் தெரிந்தது.

“உன்னால முடியுமா?” என்று கேட்டது சேஸ்.

“நீ தடுமாறாம இரு. ஓடறது என் பாடு.”

துவரங்குறிச்சி வளைவுகளில் சேஸ் தரையைத் தொடும்படி சாய்ந்தது. என்ஜின் ஒருமுறைகூட விக்கவில்லை. மதுரைக்குள் நுழைந்தபோது பின்னால் யாரும் இல்லை. அன்றைக்குப் பிறகு, தான் எங்கே முடிகிறது, என்ஜின் எங்கே தொடங்குகிறது என்று சேஸுக்கே மறந்துவிட்டது.

ஊர் வாய் அடங்கியதும் இருவரும் புருஷன் பெண்டாட்டியாகப் பொன்மலைக்கே திரும்பினார்கள். முதல் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தது அந்த வண்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கமலம் பழைய புடவைத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, “என்னடா, நேத்து மேட்டுல ரொம்ப அலுத்துக்கிட்டே?” என்று விசாரிப்பாள். தெருவில் யாராவது நிறுத்தி, இது நார்ட்டனா ட்ரையம்பா என்று கேட்டால், “எங்க வண்டி,” என்பார் இன்னாசி.

முப்பத்தைந்து வருஷம் ஓடியது. பிறகு இன்னாசியின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. கிளட்சைப் பிடிக்க முடியாமல் போனது. பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் கோயம்புத்தூர் தண்டபாணி தேடி வந்தார். “என்ர குழந்தையாட்டம் பாத்துக்கறேனுங்க,” என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். கமலம் டேங்கை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தண்டபாணியின் கூடத்தில் இருபது வண்டிகள் நின்றன.

“நீ எந்த வீடு?” என்று கேட்டது பக்கத்து வண்டி.

“பொன்மலை இன்னாசி வீடு.”

“அதைக் கேக்கல. எந்தக் குலம்?”

சேஸும் என்ஜினும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. வேறு வேறு பெயர் வந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது.

அந்த வருஷப் பழைய வண்டிக் கண்காட்சியில் நடுவர்களும் இதையேதான் கேட்டார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதத் தெரியாமல் வண்டியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டுப் போனார்கள். தண்டபாணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர் ஊராக எழுதிப்போட்டு, சேஸுக்கு அதன் காலத்து நார்ட்டன் என்ஜினையும், என்ஜினுக்கு ஒரு ட்ரையம்ப் சேஸையும் தேடிப் பிடித்தார்.

போல்ட்டுகளைக் கழற்றும்போது என்ஜின் கேட்டது: “நம்ம நம்ம சொந்தத்தோட சேர்க்கப் போறாங்களாம். உனக்குச் சந்தோஷமா?”

சேஸ் பதிலை யோசித்து முடிப்பதற்குள் என்ஜினைத் தூக்கிப் போய்விட்டார்கள். இரும்புத் தகடுகள் காயலான் கூடைக்குப் போயின.

புது என்ஜின் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. சேஸ் அதனிடம் இரண்டொரு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. நல்ல வளர்ப்பு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது.

நாலைந்து வருஷம் கழித்து இன்னாசி தனியாகப் பஸ் ஏறி வந்தார். இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிடித்து நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, “எங்க வண்டியை ஒருதரம் பார்த்துட்டுப் போறேன்,” என்றார்.

தண்டபாணி ஆசையாக அழைத்துப்போய், கூடத்தின் இந்தக் கோடியில் நார்ட்டனையும் அந்தக் கோடியில் ட்ரையம்பையும் காட்டினார். “ஒண்ணைக் குடுத்தீங்க, ரெண்டாயிருச்சு பாருங்க. அததை அதது சொந்தத்தோட சேத்துட்டேனுங்க. இப்ப ரெண்டுமே அசலு.”

இன்னாசி இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தார். “அவ அண்ணனுங்களும் இதைத்தான் சொன்னாங்க,” என்றார்.

“எவருங்க?”

“போன மாசம் கமலம் போயிட்டா. எங்க கல்லறைத் தோட்டத்துல ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல இடம் கேட்டு வச்சிருந்தேன். நாப்பது வருஷம் எட்டிப் பார்க்காதவங்க வந்து, எங்க பொண்ணு எங்க சனத்தோடதான் சேரணும்னு அவங்க சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் யாரைத் தடுக்கறது?”

சேஸ் அவரைக் கூப்பிடப் பார்த்தது. அதன் குரலோ கூடத்தின் மறுகோடியில், அந்தப் பழைய என்ஜினிடம் இருந்தது.

என்ன செய்து ஆற்றுவதென்று தண்டபாணிக்குத் தெரியவில்லை. “ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லட்டுங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

“எதை?” என்றார் இன்னாசி.