பவளக்கொடியின் பக்கம்

“டீச்சர், செஞ்ச ஒண்ணைத் திரும்ப எடுக்கணும். முடியுமா?” என்று கேட்டார் நல்லபெருமாள்.

ஜெபக்கனி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எதை அண்ணாச்சி? நேத்து ஏத்தினீங்களே, அந்த முகப்புப் பக்கத்தையா?”

“இல்ல. போன வருஷம் ஒரு பிள்ளை அனுப்பின மாற்றத்தைச் சேக்காம மூடிட்டேன். அதை.”

“மூடினதைத் திறக்கத்தான் பொத்தான் இருக்குல்லா.”

“பொத்தான் இருக்கு. அதை அமுக்கிப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் கிடந்த உலர்ந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு, “உக்காருங்க,” என்றாள்.

ஜெபக்கனி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. செவிவழி என்ற மென்பொருளை எழுதியவள். கைபேசித் திரையிலும் கணினித் திரையிலும் இருப்பதைக் கண் தெரியாதவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவது அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த நல்லபெருமாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அவள் வீட்டைத் தேடி வந்து, எனக்கும் இதெல்லாம் சொல்லித் தரவேண்டும் என்றார். வேடிக்கைக்காகத்தான் அன்று டீச்சர் என்று கூப்பிட்டார். வேடிக்கை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கற்றுக்கொண்டதும் செவிவழியின் இணையதளத்தை அவரிடம் கொடுத்தாள். பெரிய தளம் ஒன்றுமில்லை. சாதாரண எழுத்துக் கோப்புகளின் ஒரு குவியல். ஒரு கட்டளை கொடுத்தால் அவை பக்கங்களாகக் கட்டப்பட்டு இணையத்தில் போய் நிற்கும். அந்தக் குவியலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த மாற்றத்தைத் திருப்பி அனுப்பலாம். சேர்ப்பதும் சேர்க்காமல் மூடுவதும் நல்லபெருமாள் கையில் இருந்தது.

அவர் அதை ஒழுங்காக வைத்திருந்தார். எந்தத் தொடுப்பைத் தட்டினாலும் போகவேண்டிய இடத்துக்குப் போகும். எல்லாத் தலைப்பும் ஒரே அளவில் இருக்கும். பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் தானாக வந்து விழும்படி செய்ததும் அவர்தான். செய்தவர் பெயர் விட்டுப்போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். செவிவழியை எழுத உதவ ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கனி வீட்டுக்கு வரும் பீர் முகம்மது சொல்வான்: “அண்ணாச்சி தளத்துக்குள்ள போகணும்னா செருப்பை வெளிய கழட்டணும்.” நல்லபெருமாள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு பவளக்கொடி என்ற பெண் பரமக்குடியிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினாள். விலை குறைந்த கைபேசியில் செவிவழியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று அதில் எழுதியிருந்தாள். தேவையான பக்கம்தான். நல்லபெருமாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைப்புகளை மாற்றச் சொன்னார். வாக்கியங்களைச் சுருக்கச் சொன்னார். சொந்த விஷயங்களை எடுத்துவிடச் சொன்னார். சொன்ன ஒவ்வொன்றுக்கும் அடியில், மாற்றிவிட்டேன் சார், என்று பதில் வந்தது. மாற்றி வந்ததில் வேறு சில கண்ணில் பட்டன. அவற்றையும் சொன்னார்.

திங்கட்கிழமை செவிவழியின் புதிய பதிப்பு வெளிவருவதாக இருந்தது. ஞாயிறு காலை அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தார். இன்னும் இரண்டொரு முறை போய்வர வேண்டியிருக்கும். அதற்குள் தானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதினார். அவள் சொன்ன படிகள் அதே வரிசையில், அவர் வாக்கியங்களில். தன்னுடையதை ஏற்றினார். அவளுடையதை, நன்றி, இந்த வேலை வேறு வகையில் முடிந்துவிட்டது, என்று ஒரு வரி எழுதி மூடினார்.

பக்கம் நன்றாக இருந்தது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. நல்லபெருமாள் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு நினைக்கவே இல்லை.

இதையெல்லாம் ஜெபக்கனியிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் நிறுத்தினார்.

“திங்கக்கிழமை பதிப்பு வரணும்னு நீங்கதான் சொன்னீங்க,” என்றார்.

“சொன்னேன். தள்ளிப் போட்டிருந்தா யாரு அழப்போறா?”

“அது அப்பத் தெரியலையே.”

“சரி. இப்ப எப்படி ஞாபகம் வந்திச்சு?”

“நீங்கதான போன வாரம் சொன்னீங்க, செவிவழி நிறைய மாறிட்டு, எல்லாப் பக்கத்தையும் மாத்தணும், கூட ஆள் சேத்துக்கிடுங்கன்னு.”

அதற்காகத்தான் பழைய ஆட்களைத் தேடினார். ஒரு முறை மாற்றம் அனுப்பியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டாம் முறை அனுப்பியவர் என்று ஒருவரும் இல்லை. நல்லபெருமாள் அதை நம்பாமல் மறுபடியும் தேடினார். பிறகு ஒவ்வொருவருக்கும் எழுதினார். பதில் வரவில்லை. மூடிக் கிடந்த பவளக்கொடியின் மாற்றத்தை மட்டும் திறந்துவைத்துவிட்டு, அவளுடைய எண் கிடைத்ததால் போன் செய்தார்.

“வணக்கம்மா. பாளையங்கோட்டையிலருந்து நல்லபெருமாள் பேசுதேன். செவிவழி.”

“சொல்லுங்க சார். நல்லா இருக்கீங்களா?” குரலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

“இருக்கேன்மா. உங்க மாற்றத்தை மறுபடி திறந்திருக்கேன். பாத்தீங்களா?”

“மெயில் வந்துச்சு சார். தெரியாம வந்திருக்கும்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சுதான் திறந்தேன். அப்பக் கொஞ்சம் அவசரத்துல நானே எழுதிப் போட்டுட்டேன்.”

“அதனால என்ன சார். உங்க பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு. நாங்க எல்லாரும் கேட்டோம்.”

“கேட்டீங்களா?”

“என் தம்பிக்குக் கண்ணு தெரியாது சார். அவனுக்குப் போட்டுக் குடுத்ததை வச்சுத்தான் அந்தப் பக்கத்தையே எழுதினேன். என் பக்கம் வருது, என் பக்கம் வருதுன்னு வீட்டுல சொல்லிவச்சிருந்தேன். திங்கக்கிழமை பாத்தா தளத்துல இருக்கு. மூடினேன்னு நீங்க எழுதினதை நான் பாக்கல. அம்மாவையும் கூப்பிட்டு உக்கார வச்சு, தட்டுடான்னேன். உங்க செவிவழிதான் வாசிச்சுச்சு. இவன் பாதியிலயே கேலி. என்னக்கா, இவ்வளவு சுத்தமா எழுதியிருக்க, யாரைப் பாத்து எழுதினன்னு கேக்குறான். நான் பேசாம உக்காந்திருக்கேன். கடைசியில, எழுதியவர் நல்லபெருமாள்னு வாசிச்சுச்சு.”

அவள் சிரித்தாள்.

“அந்தக் குரலுக்கு உங்க பேரு ரொம்ப நல்லா வருது சார்.”



“மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றார் நல்லபெருமாள்.

“ஐயோ, எதுக்கு சார் அதெல்லாம். நீங்க பெரியவங்க.”

“மறுபடி நீங்க வரணும். எல்லாப் பக்கத்தையும் மாத்த வேண்டியிருக்கு.”

“நான் இப்ப அதெல்லாம் பண்றதில்ல சார். மருந்துக்கடை வேலைக்குப் போறேன். வந்து படுக்கத்தான் நேரம் இருக்கு. தம்பியும் வேற எதையோ போட்டுக்கிட்டான்.”

“ஒரே ஒரு பக்கம்…”

“குக்கர் கூப்பிடுது சார். வச்சிரட்டுமா?”

குக்கர் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. வையுங்கம்மா என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை ஜெபக்கனி கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த துணிகளில் ஒன்றை எடுத்து மடித்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்காமல் வைத்தாள்.

“அந்தப் பிள்ளை எழுதினதை நான் பாத்ததே இல்ல,” என்றாள்.

“திறந்துதான் வச்சிருக்கேன். வாசிங்க.”

“இப்படிக் கோப்பா வேண்டாம். பக்கமாப் பாக்கணும். அந்த ஞாயித்துக்கிழமைக்குப் போங்க.”

கணினியை அவர் பக்கம் தள்ளினாள். நல்லபெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த வேலையில் கடந்துபோன எந்த நாளும் அழிவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதனதன் இடத்தில் இருக்கும். எந்த நாளைக் கேட்டாலும் தளம் அன்று இருந்தபடியே திரும்ப வரும். குவியல் முழுவதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக்கு, தன்னுடைய பக்கம் நுழைவதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பவளக்கொடியின் மாற்றத்தை அதில் சேர்த்தார். ஓராண்டாகச் சேராமல் இருந்தது ஒரு தடங்கலும் இல்லாமல் சேர்ந்தது.

“கட்டுங்க,” என்றாள்.

கட்டளை கொடுத்தார். பக்கம் வந்து நின்றது. அந்த ஒரு கணினிக்குள் மட்டும்தான். வெளியே உலகத்தில் வேறு எவருக்கும் அது தெரியாது.

ஜெபக்கனி அதைக் கண்ணால் வாசிக்கவில்லை. செவிவழியைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். குரல் வாசிக்கத் தொடங்கியது. அளவான வாக்கியங்கள். முதலில் இதைச் செய்க, அடுத்து இதைச் செய்க.

“இது நீங்க எழுதினதுல்லா?”

“இல்ல டீச்சர். இதுதான் அவ அனுப்பினது. கடைசியா.”

“முதல்ல அனுப்பினது?”

நல்லபெருமாள் தயங்கினார். பிறகு இன்னும் பின்னால் போனார். அவர் முதல் குறிப்பு எழுதுவதற்கு முந்தைய நாள். சேர்த்தார், கட்டினார். குரல் மறுபடியும் வாசித்தது.

“போனைக் கையில் எடுங்கள். இடது ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பொத்தான் தட்டுப்படும். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடுங்கள். பாடி முடிக்கும்போது குரல் வரும். வராவிட்டால் கோபப்பட வேண்டாம். என் தம்பிக்கு முதல் நாள் வரவில்லை. போனைத் தூக்கி என் மேல் எறிந்தான். குறி தவறவில்லை.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லபெருமாளும் சிரித்தார். தான் முன்பு இதை வாசித்தபோது சிரித்தோமா என்று யோசித்துப் பார்த்தார். ‘சொந்த விஷயம், நீக்கவும்’ என்று எழுதியது மட்டும் நினைவுக்கு வந்தது.

தெருவில் ஒரு சைக்கிள்காரன் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனான். அவன் சத்தம் அடங்கும்வரை குரல் எதையோ வாசித்தது, சரியாகக் கேட்கவில்லை. பிறகு தெளிவாகக் கேட்டது:

“எழுதியவர் பவளக்கொடி.”

அதற்கு மேல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. குரல் நின்றது.

“அந்தக் குரலுக்கு இந்தப் பேரும் நல்லாத்தான் வருது,” என்றார் நல்லபெருமாள்.

ஜெபக்கனி மடிக்காமல் வைத்திருந்த துணியை எடுத்து மடித்தாள்.

“இதையே ஏத்திருவோம் டீச்சர். இன்னைக்கே. அந்தப் பையன் தட்டினா அவன் காதுல விழும். நான் போன் பண்ணிச் சொல்லுதேன்.”

“அந்தப் பொத்தான் வழியை நாம எடுத்தாச்சு அண்ணாச்சி. இப்ப வேற மாதிரி. இதை நம்பி எங்கேயோ ஒருத்தர் ஓரத்தைத் தடவிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு இருப்பாரு. குரல் வராது.”

“வராதுதான்.”

“கண்ணு தெரிஞ்சவங்கன்னா வேற எங்கயாவது பாத்துக்கிடுவாங்க. இவங்க எங்க போய்ப் பாப்பாங்க?”

நல்லபெருமாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பக்கத்தைப் போல ஒழுங்காக இல்லை. ஒரு தலைப்பு பெரிதாக, ஒன்று சிறிதாக. ஒரு வரி தேவையில்லாமல் உடைந்து கீழே இறங்கியிருந்தது. அவரையறியாமல் விரல் அந்த வரிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது. காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு முகத்தில் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப ஒண்ணு செய்யுதேன் டீச்சர். அவ பேரு அப்படியே இருக்கட்டும். தம்பி விஷயமும் இருக்கட்டும். அவளுக்கும் நேரமில்லன்னுட்டா. மாறிப்போன இடத்தை மட்டும் நானே உக்காந்து, கொஞ்சம் சரிபண்ணி, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள…”

ஜெபக்கனி கையை நீட்டிக் கணினியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதைத்தான் அண்ணாச்சி, போன வருஷமும் செஞ்சீங்க.”