மேகத்துக்குள் கேட்ட வழி

மேகம் இறங்கிவிட்டால் வால்பாறையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. கோமளவல்லி டீச்சருக்கு அது பிடிக்கும். முகம் தெரியாத ஊரில் மானம் பத்திரமாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மூன்றாம் வகுப்பை ஒரே பார்வையில் அடக்கிவிடுகிற டீச்சருக்கு, அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்த பாட்டிலை மட்டும் அடக்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் வாராவாரம் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போய்வந்தார். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டம் அங்கே நடந்தது. துணைக்குப் போனவள் ஜெயராணி. பஜாரில் ஜாக்கெட் தைக்கிறவள், டீச்சரைவிட ரொம்ப இளையவள், குடித்துச் சீரழிந்து மீண்டவள். இந்த ஒரு விஷயத்தில் டீச்சருக்கு அவள்தான் குரு.

போன வாரம் மழையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. டீச்சர் கூட்டத்துக்குப் போகவில்லை, குடித்தார். மறுநாள் வகுப்பில் ஒரு குழந்தை மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "டீச்சர், உங்க மேல ஊசி போடுற வாசம் வருது" என்றது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

இந்த வாரமும் பஸ் இல்லை. வீட்டுக்குப் போனால் டிரம்மைத் திறந்துவிடுவோம் என்று தெரிந்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஜெயராணியின் கடைக்கு வந்தார்.

"இங்கயும் ஒரு கூட்டம் நடக்குதுங்க டீச்சர். போலாமா?"

"சொந்த ஊர்லயா? நாளைக்கு எப்படி வெளிய தலைகாட்டுறது? ஊருக்குத் தெரியாமத் திருந்தக் கூடாதா, ஜெயராணி?"

ஜெயராணி தையல் மிஷினை மூடிவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள்.

"எங்க நடக்குது?" என்றார் டீச்சர்.

"கேட்டுக்கிட்டே போலாங்க."

"யாரு கேக்குறது?"

"நீங்கதான்."

இருவரும் நடந்தார்கள். கடைகளும் மரங்களும் கரைந்து போயிருந்தன. பஜார் முழுக்க ஈரமும் ஏலக்காய் வாசமும்தான் மிச்சம். தரையில் நடக்கிறோமா, தூக்கத்தில் நடக்கிறோமா என்று டீச்சருக்கே சந்தேகம் வந்தது.

பாய்லர் சத்தம் கேட்ட இடத்தில் நின்றார்.

"இங்க... குடிய விடுறவங்க கூட்டம் எங்க நடக்குதுங்க?"

"தெரியலீங்களே" என்றது டீக்கடை. "யாருக்குங்க?"

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு."

ஜெயராணி முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டோவின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் மறுபடி கேட்டார்.

"சாருக்குங்களா?" ஆட்டோக்காரர் குரலில் இரக்கம் வழிந்தது. "பாவமுங்க நீங்க. சரியா எடம் தெரியலீங்க."

வெற்றிலைகூடப் போடாத மனிதர் டீச்சரின் கணவர். டீச்சர் ஒரு நல்ல மனிதரைக் குடிகாரராக்கிவிட்டு நகர்ந்தார்.

"வீட்டுக்கே போயிடுறேன்" என்றார்.

"போலாங்க. வீட்டுக்கு வழி கேக்க வேண்டாம்."

டீச்சர் போகவில்லை. போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

அடுத்து மேகத்துக்குள் செக்கச்செவேலென்று தணல் தெரிந்தது. யாரோ சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். விசிறும் கை மட்டும் தெரிந்தது, வளையல் போட்ட கை.

"ஏம்மா, குடிய விடுறவங்க கூட்டம் எங்க நடக்குது?"

"யாருக்குங்க?"

டீச்சர் தணலையே பார்த்தார்.

"எனக்குத்தாம்மா. நான் குடிக்கிறேன். விட முடியல."

விசிறி நின்றுவிட்டது. "எனக்குத் தெரியாதுங்களே" என்ற பதில் மிக மெதுவாக வந்தது.

அப்போது எங்கிருந்தோ ஓர் ஆண் குரல் கேட்டது.

"நேராப் போங்க டீச்சர். லைப்ரரிக்குப் பின்னாடி, பச்சைக் கதவு."

டீச்சர்! ஊர் கண்டுகொண்டுவிட்டது. ஆனால் அந்தக் குரலில் கேலி இல்லை. குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுப் போகிறவர்களின் குரல் மாதிரி இருந்தது.

நடந்தார். பின்னாலேயே காலடிச் சத்தம் வந்தது. நின்றால் அதுவும் நின்றது.

"யாரோ வேடிக்கை பாக்க வர்றாங்க, ஜெயராணி."

"வரட்டுங்க."

லைப்ரரியைத் தாண்டியதும் பச்சைக் கதவு வந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, "வா ஜெயராணி, ஏன் இன்னிக்கு இவ்வளவு லேட்டு? உன் நாற்காலி காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ எப்பவும் வர்ற எடமா இது? வழி உனக்குத் தெரியும்!"

"தெரியுங்க டீச்சர்."

"அப்புறம் எதுக்கு என்னை ஊரெல்லாம் கேக்க வெச்சே? என் மானத்தை வாங்கவா?"

ஜெயராணி கதவுப் பக்கம் பார்த்தாள். டீச்சரும் திரும்பினார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் மஃப்ளர், வளையல் போட்ட கையெல்லாம் கரி. உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியுங்க டீச்சர்" என்றாள் ஜெயராணி. "அவங்களுக்குத் தெரியாதுங்களே."