யார் பேரைச் சொல்லட்டும்?

செங்காட்டு சமஸ்தானத்தில் தண்டோரா போடுகிறவன் இருளப்பன். ஒருநாள் காலையில் அரண்மனையிலிருந்து அவனுக்கு ஆள் வந்தது. சபையில் ராஜா வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். பேசியதெல்லாம் திவான் நரசிங்கராயர்தான்.

"இனி இந்த ஊரில் நம் கோயில் மணி மட்டுமே ஒலிக்கவேண்டும். பள்ளிவாசலில் பாங்கு கூடாது, மாதா கோயிலில் ஜெபம் கூடாது. போய்த் தண்டோரா போடு. மறுத்தால் தலை இருக்காது."

இருளப்பன் கும்பிட்டபடியே கேட்டான்.

"உத்தரவு சாமி. ஒரு சந்தேகம். அந்த ரெண்டு இடத்திலயும் பத்து நாளா இளவரசியம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கணும்னுதான் வேண்டிக்கிறாங்க. அதை நிறுத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. மகாராஜா பேரைச் சொல்லட்டுமா, உங்க பேரைச் சொல்லட்டுமா?"

ராஜா நிமிர்ந்து திவானைப் பார்த்தார். திவான் அவசரமாகச் சொன்னார்.

"சரி, இளவரசிக்குக் குணமாகும்வரை வேண்டட்டும். பிறகு நிறுத்தினால் போதும்."

"அப்படியே சொல்றேன் சாமி. ஆனா, அம்மா எந்திரிச்ச அன்னைக்கே அவங்க பள்ளிவாசலையும் மாதா கோயிலையும் அடக்கிடுவாங்கன்னு தெரிஞ்சா, எந்த மனசோட வேண்டுவாங்க?"

ராஜா எழுந்துவிட்டார்.

"இருளப்பா, அவரவர் சாமியை அவரவர் முறைப்படி கும்பிடலாம், தடுப்பவர் திவானே ஆனாலும் தண்டனை உண்டு என்று தண்டோரா போடு. என் பேரையே சொல்."

இருளப்பன் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னான். பறையில் அடி மட்டும் தாறுமாறாக விழுந்தது. தலை போயிருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.