ஆவாரங்கோட்டை ஆடுகள் தோண்டிய குழிகள்

ஆவாரங்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மகாராஜா விசயரகுபதியின் தாத்தா அமைத்தது. ஒன்பது குழி, ஒன்பது கொடி. அமைத்த கையோடு அதை ஊருக்கே கொடுத்துவிட்டார், நகரசபை பார்த்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். மற்ற நேரத்தில் ஊர் ஆடுகள் மேயும். புல் வெட்ட ஆள் வைக்கும் செலவு மிச்சம்.

பேரன் விசயரகுபதிக்கும் அந்த ஆட்டத்தில் கொள்ளைப் பிரியம். அவர் அடித்த பந்து எதுவும் குழி தப்பியதில்லை. அதெப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகாராஜா எந்தக் காரியம் செய்தாலும் கட்டியக்காரர் அவருடைய பட்டப்பெயர்களை முழங்க வேண்டும். முழங்கி முடியும்வரை மகாராஜா கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சமஸ்தானத்து வழக்கம் அது. மகாராஜா மட்டையை வீசுவார், கண்ணை மூடுவார். பந்து எங்கேயாவது போய் விழும். திவான் சபாநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். பந்து கிடக்கும் இடத்தில் கடப்பாரையால் குழி தோண்டி, பந்தை உள்ளே தள்ளி, கொடியை நட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வந்து நிற்பார். அரச பந்துக்குக் குழி தோண்டும் பாக்கியத்தை அவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை.

பந்து ரொம்ப தூரம் போய்விட்டால் திவானுக்கு நேரம் போதாது. அப்போது கட்டியக்காரர் நாலு பட்டத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். அப்படித்தான் மகாராஜாவுக்கு ‘ஏழ்கடல் கொண்டான்’ என்ற பட்டம் வந்தது. ஆவாரங்கோட்டையில் கடலே கிடையாது.

தாத்தா வைத்த ஒன்பது குழிகளில் மட்டும் எந்தப் பந்தும் விழவில்லை. அவற்றில் புல் முளைத்துவிட்டது.

ஒருநாள் பக்கத்து சமஸ்தானத்து ராஜா வந்தார். சுற்றிப் பார்த்தார். “மைதானமா இது? அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறதே” என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விசயரகுபதிக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சபையைக் கூட்டினார்.

“மைதானம் தாத்தா அமைத்தபடி திரும்ப வர வேண்டும். அதற்கு முன், இத்தனை குழி தோண்டியது யார்?”

சபையில் எல்லோருக்கும் திடீரென்று தரை அழகாகத் தெரிந்தது. திவான்தான் எழுந்தார்.

“ஆடுகள், மகாராஜா.”

“ஆடுகளா? குழிகளெல்லாம் வட்டமாக இருக்கின்றனவே.”

“தங்கள் ஆட்சியில் ஆடுகளுக்கும் ஒழுங்கு வந்துவிட்டது.”

மகாராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. குழி தோண்டிய ஆடுகளை எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும், மைதானத்துக்கு வேலி போட்டுச் சாவியைத் திவானிடம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வேலிக்குள் தன் மருமகனுக்கு ஒரு பங்களா கட்டத் திவான் ஏற்கெனவே செங்கல் இறக்கியிருந்தார். அதுவும் தாத்தா அமைத்தபடிதான் போலும்.

ஆடு மேய்க்கும் இருளாயி, சபையின் வாய்ச்சாலகரான நல்லபெருமாளைத் தேடி வந்தாள்.

“அய்யா, ஆட்ட ஓட்டிட்டா நாங்க எங்கய்யா போவோம்? எங்க புள்ளைக சோறு திங்கிறதே அதுகளாலதான். ஆடு புல்லக் கடிக்கும். அசந்தா உங்க வேட்டியக் கடிக்கும். குழி தோண்டுமாய்யா?”

உண்மையை நல்லபெருமாளே போய்ச் சொல்லலாம். சொன்னால் ஆடுகளுக்குத் துணையாக அவரும் எல்லை தாண்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு அரண்மனைக்குப் போனார்.

“மகாராஜா, வேலி போடுமுன் ஊரார் பார்க்க ஒரே ஒரு பந்து அடிக்க வேண்டும். அன்றைக்குக் கட்டியம் சொல்லும் பாக்கியம் எனக்கு வேண்டும்.”

“உனக்கு எதற்கு?”

“தங்கள் பெருமையை நீட்டி முழக்க எனக்கு இதுவரை வாய்ப்பே கிடைக்கவில்லை.”

மகாராஜா பூரித்துப்போய்ச் சரி என்றார். திவானுக்கும் நிம்மதி. நல்லபெருமாள் வாயைத் திறந்தால் மூட மாட்டார். அந்த நேரத்தில் குழி என்ன, கிணறே வெட்டலாம்.

மறுநாள் காலை ஊரே கூடிவிட்டது. மகாராஜா மட்டையை வீசினார். பந்து பக்கவாட்டில் பறந்து, சனங்களின் தலைக்கு மேலே போய், ஒரு புதரில் விழுந்தது. மகாராஜா கண்ணை மூடினார். திவான் ஓடினார்.

நல்லபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மகாராஜா” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

மகாராஜா அடுத்த பட்டத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ணங், ணங் என்று ஏதோ சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தார்.

புதருக்குள் திவான் மண்டியிட்டிருந்தார். தலைப்பாகை கிளையில் தொங்கியது. இரண்டு கையிலும் கடப்பாரை. கை காலியில்லாததால் கொடிக்கம்பைப் பல்லில் கடித்திருந்தார்.

மகாராஜாவுக்கு மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது. முகம் சுருங்கிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“நல்லபெருமாள், நான் இதுவரை ஒரு பந்துகூடக் குழியில் போட்டதில்லையா?”

“எல்லாவற்றையும் போட்டீர்கள், மகாராஜா. குழிதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.”

மகாராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள். கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து நல்லபெருமாளுக்குப் போர்த்தினார்.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் இருளாயி முன்னால் வந்தாள். “ராசா, அப்ப எங்க ஆடு?”

“மேயட்டும். தாத்தா அமைத்தபடி என்றால் உன் ஆடுகளும் சேர்த்தித்தான்.”

“அப்படியானால் நேற்றைய ஆணையை ரத்து செய்துவிடலாமா, மகாராஜா?” என்று கேட்டார் நல்லபெருமாள்.

“ஆணையில் என்ன தப்பு? குழி தோண்டிய ஆட்டை எல்லைக்கு அப்பால் விரட்டச் சொன்னேன். அது அப்படியே இருக்கட்டும்” என்ற மகாராஜா, புதரைக் காட்டினார். “அதோ நிற்கிறது. தோண்டியதையெல்லாம் மூடி முடித்ததும் ஓட்டிக்கொண்டு போங்கள்.”